காற்றுப் புகாத வண்டி

ஊதுபத்தியைச் சாமிப்படத்துக்கு முன்னால் கொளுத்தாமல் யன்னலுக்கு முன்னால் கொளுத்திய மனிதரை நான் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு முதல்தடவை வந்த அன்றே அதைச் செய்தார். அம்மா தேநீரை நீட்டினார். "வையுங்கோ அக்கா, வாறன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பற்றவைத்து, யன்னல் சட்டத்தின் ஓரமாக, கீழிருந்து மேலே, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். புகை நேராக ஏறிய இடங்களில் தலையை ஆட்டினார். வலது மூலையில் புகை சட்டென்று முறிந்து அறைக்குள் சாய்ந்தது.

"இதாலை வருது."

"என்ன தம்பி வருது?" என்றார் அப்பா.

"காத்து."

எங்கள் ஆட்கள் 'பொலிஸ் வருது' என்று சொல்லும்போது ஒரு குரல் வைத்திருப்பார்கள். அதே குரல்.

ஜேர்மனியில் நாங்கள் இருந்த எசன் நகரத்தில் எல்லோரும் அவரைச் சிலிக்கோன் அண்ணை என்றுதான் சொன்னார்கள். சின்னன் பெரிசு எல்லோருக்கும் அவர் அண்ணைதான். யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. காரின் பின்பெட்டியில் மற்றவர்கள் மேலதிக ரயர் வைத்திருப்பார்கள். இவர் இடுக்கு அடைக்கிற சிலிக்கோன் பசைக் குழாய்கள் அடுக்கியிருந்தார். வெள்ளை, மண்ணிறம், நிறமில்லாதது. எந்த வீட்டுக்குப் போனாலும், சாப்பிடச் சொன்னாலும் சரி, செத்தவீடானாலும் சரி, கண் முதலில் யன்னலுக்குத்தான் போகும். ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் எல்லோரும் மேடையைப் பார்க்க, அவர் பக்கக் கதவின் அடியில் காற்று அடைக்கும் பட்டி ஒட்டிக்கொண்டு குந்தியிருந்ததை வீடியோவில் இன்றும் பார்க்கலாம்.

"அண்ணை, என்ர மாமியாற்ற வாய்க்கும் ஒரு ரியூப் அடிச்சு விடுங்கோவன்" என்று யாராவது சொல்வார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "மாமியாருக்குக் குளிருதோ?" என்று உண்மையாகவே கேட்பார்.

வேலை என்றால் வேலைதான். அவர் இழுத்த சிலிக்கோன் கோட்டை விரலால் தடவினால் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. ஒரு சதம் வாங்கமாட்டார். எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலம் முதல்முறையாகப் படுக்கையறையில் தொப்பி போடாமல் படுத்தோம். அம்மா அவரைத் தெய்வம் என்றார். தை மாதம் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பூத்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதே வருடம் அம்மா இன்னொன்று கேட்டார். எங்கள் குளியலறையில் தண்ணீர் சுடவைக்கும் காஸ் பெட்டி ஒன்று சுவரில் தொங்கியது. குளியலறைக் கதவின் அடியில் ஒரு தகரச் சல்லடை. "குளிக்கேக்கை காலுக்குள்ளாலை குளிருது தம்பி." அரை மணி நேர வேலை. சல்லடை இருந்த இடமே தெரியாமல் போனது.

எட்டு மாதம் கழித்து, வருடச் சோதனைக்குப் புகைக்குழாய் பார்க்கிறவர் வந்தார். கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி. அவரைத் தெருவில் கண்டால் அதிர்ஷ்டம் என்று ஜேர்மன்காரர் சொல்வார்கள். மனிதர் குளியலறைக் கதவைப் பார்த்தார், நின்றார், பிறகு பையிலிருந்து கத்தியை எடுத்துச் சிலிக்கோனைக் கிழித்தார். யன்னலைத் திறந்தார். அப்பாவைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். வீட்டில் ஜேர்மன் சரியாகத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். பதினாலு வயது.

அவர் சொன்னது இது: இந்தப் பெட்டி எரிவதற்குக் காற்று வேண்டும். வழியை அடைத்தால் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு அறைக்குள் வரும். முதலில் தலையிடிக்கும், பிறகு நித்திரை வரும், பிறகு எழும்ப மாட்டீர்கள். இதைச் செய்தவனுக்கு விசரா? இந்தப் பிள்ளை குளிக்கப் போய்ச் செத்திருக்கும்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"இதை மூட வேண்டாமாம்" என்றேன்.

இங்கே வளர்ந்த எங்களுக்கு இது ஒரு வியாதி. டொக்டர் சொல்வதை, ரீச்சர் சொல்வதை, கந்தோரில் இருக்கிறவர் சொல்வதை வீட்டுக்கு மொழிபெயர்ப்பது நாங்கள். பத்து வசனம் கேட்டால் மூன்றைச் சொல்வோம். ஏச்சை எடுத்துவிடுவோம். பயத்தை எடுத்துவிடுவோம். அப்பா அவமானப்படக் கூடாது, அம்மா அழக் கூடாது, எனக்கு விளையாடப் போக வேண்டும். சிலிக்கோன் அண்ணையிடம் அந்த மூன்று வசனத்தைக்கூட யாரும் கொண்டுபோகவில்லை. "நல்ல மனுசன், கவலைப்படுவான்" என்று அப்பா சல்லடையைத் தானே துடைத்து வைத்தார்.

சிலிக்கோன் அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன். அவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. அண்ணைக்குத் தொழிற்சாலை ஜேர்மன் பேச வரும், எழுத்து வராது. போகும்போதெல்லாம் அக்கா பல்கனியில்தான் நிற்பார். பனி கொட்டும்போதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல்கனியில் நின்று வெங்காயம் உரிப்பார்.

"என்னக்கா, குளிரேல்லையே?"

"உள்ளுக்கை மூச்சு முட்டுது பிள்ளை. அவர் வேலையாலை வர முதல் கொஞ்சம் குடிச்சு வைக்கிறன்."

காற்றைத் தண்ணீர்போலச் சொன்னார். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். கார் வரும் சத்தம் கேட்டதும் பல்கனிக் கதவைச் சாத்தி, அதன் கீழே சுருட்டிய துவாயை அண்ணை வைத்த மாதிரியே திருப்பி வைத்தார். ஒரு சுருக்கம் மாறாமல்.

யூரோ வந்து இரண்டு வருடம். எனக்கு இருபத்திரண்டு. போகும் இடமெல்லாம் பழைய இயந்திரங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்த காலம். இயந்திரவியல் படித்தேன், ஆனால் வகுப்பில் இருந்த நேரத்தைவிட இணையத்தில் பழைய கார்க்காரர்களின் மன்றங்களில் இருந்த நேரம் அதிகம். ஒரு சனிக்கிழமை சிலிக்கோன் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரைத் தொடாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இஞ்சினியர் பிள்ளை, ஒரு வோன்வாகன் பாத்து வைச்சிருக்கிறன். பழசு. திருத்தலாமோ ஏலாதோ எண்டு நீதான் வந்து சொல்லவேணும்."

வோன்வாகன் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளே. ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் அவர் காரில் படுத்து எழும்பித்தான் பத்து நாளும் நின்றார். அதற்காகத்தானாம். நான் துள்ளி எழும்பினேன். உண்மையில் அன்றிரவே பன்னிரண்டு பக்கம் அச்செடுத்தேன்: 'பழைய வோன்வாகன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை'.

ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. வைக்கோல் கொட்டிலுக்குப் பின்னால், முட்கொடிக்குள் அது நின்றது. முட்டை வடிவம். அறுபதுகளில் செய்தது. அலுமினியத் தோல் முழுவதும் பாசி, ஒரு பக்கம் மாடு உரசிய பள்ளம். பண்ணைக்கார முதியவர் ரப்பர்ச் சப்பாத்தோடு வந்து பார்த்து, "இழுத்துக்கொண்டு போனால் போதும், எனக்கு ஒன்றும் தர வேண்டாம். ஆனால் அது குப்பை" என்று ஜேர்மனில் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"என்னவாம்?"

"சும்மா தாறாராம்."

பாருங்கள், அப்போதும் அரைவாசிதான்.

நான் திருப்புளியும் கைவிளக்குமாக உள்ளே புகுந்தேன். எலிமூத்திர மணம். மண்ணிறப் பூப்போட்ட சுவர்த்தாள் தொங்கியது. பட்டியலில் உள்ளபடி ஒவ்வொரு மூலையையும் பெருவிரலால் அமத்தினேன். பின் இடது மூலை தேநீரில் தோய்த்த பிஸ்கட்போல உள்ளே போனது. திருப்புளி பிடிவரைக்கும் இறங்கியது. மற்ற மூன்று மூலையும் கல். நிலப்பலகை கல். கீழே படுத்து அடிச்சட்டத்தைத் தட்டினேன். மேல்துரு மட்டும், உள்ளே இரும்பு மணிபோலக் கேட்டது. அச்சு நேர். ஒரு மூலையை வெட்டி எடுத்துப் புது மரம் போட்டால் வண்டி இன்னும் முப்பது வருடம் ஓடும்! என் வாய் நிற்கவில்லை. அவர் எனக்குப் பின்னால் ஊதுபத்தியோடு வந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, உதென்ன?"

அடுப்புக்குக் கீழே, காஸ் அலுமாரிக்குள், ஹீற்றருக்கு அடியில்: நிலத்தில் மூன்று ஓட்டை. ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பை வாய் அளவு, கீழே கம்பிவலை. ஊதுபத்திப் புகை அவற்றின் மேலே பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றது. அருகே சுவரில் விரல் நீளத்தில் ஒரு தகடு, எழுத்தின்மேல் ஊத்தை.

"என்ன எழுதியிருக்கு?"

நான் கைவிளக்கைத் திருப்பினேன். முதல் சொல் தெரிந்தது. அந்த நேரம் கூரை மூட்டில் ஒரு கறையைக் கண்டுவிட்டேன். அது மழைக்கசிவா, பழைய பசையா என்று அறிந்தே ஆக வேண்டும்.

"காத்து ஓட்டையளைப் பற்றி ஏதோ. பேந்து பாப்பம் அண்ணை, இஞ்சை மேலை வாங்கோ."

அவர் தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப செய்தவங்களுக்கே தெரியும், இதாலை காத்து வருமெண்டு" என்றார். எனக்கு அது கேட்டது. கேட்டுவிட்டுக் கூரையைச் சுரண்டப் போனேன்.

அக்கா உள்ளே வரவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே குதித்தபோது என் முழங்கையைப் பிடித்துக் கொட்டிலின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"திருத்த ஏலாது எண்டு சொல்லு."

"ஏனக்கா? அருமையான வண்டி!"

"நீ படிச்சனீ. நீ ஏலாது எண்டா அவர் விட்டிடுவார். அந்தப் பெட்டிக்குள்ளை என்னையும் வைச்சு மூடப்போறார் பிள்ளை. வீட்டிலை எண்டாலும் பல்கனி கிடக்கு."

அவர் கண்ணில் பகிடி இல்லை. ஆனால் என் பையில் பன்னிரண்டு பக்கம் இருந்தது. மூன்று மூலை கல்லாக இருந்தது. "யன்னல் நாலு இருக்கக்கா, திறந்துபோட்டுப் படுங்கோ" என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் வந்து கைதட்டி, "அண்ணை, கட்டாயம் திருத்தலாம்!" என்றேன்.

அந்த வசந்தம் முழுக்க அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வேலை நடந்தது. அவரை அவ்வளவு சந்தோசமாக நான் பார்த்ததில்லை. உக்கிய மூலையை வெட்டி எடுத்தபோது பல் டொக்டர் மாதிரிப் பேசினார்: "கொஞ்சம் பொறு ராசா, முடிஞ்சுது, முடிஞ்சுது." மரத்துண்டை அவர் இழைத்துப் பொருத்தினால் இடையில் ஒரு தாள் போகாது. நான் ஜேர்மனியிலிருந்த யன்னல் ரப்பர் விற்பனையாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பாசியைச் சுரண்டிப் பாலாடை நிறமும் இளநீலமும் அடித்தோம். தெருவில் போகும் ஜேர்மன் கிழவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் தன் தேனிலவுக்கு இதே வண்டியில் போனதாகச் சொல்லிக் கண்கலங்கினார்.

ஒரு நாள் அவர் பூச்சு வாங்கப் போயிருந்தார். அக்கா படியில் இருந்து எனக்குத் தோசை தந்தார்.

"அவர் ஏன் உப்பிடி எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாதக்கா."

"எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. வந்த முதல் குளிருக்கு, அகதிகளை வைச்சிருந்த ஹைமிலை. அறை யன்னலிலை கண்ணாடி ஒண்டு உடைஞ்சது. இவர் மாத்தித் தரச்சொல்லி, எழுதத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு விண்ணப்பம் எழுதிக் குடுத்தார். பேப்பர் வைச்சு அடைச்சார், மட்டை வைச்சு அடைச்சார், காத்து வந்துகொண்டே இருந்தது. ஏழு மாசப் பிள்ளை. மார்ச்சளி." தோசையைச் சிறு துண்டாகப் பிய்த்தார். "டொக்டர் சொன்னது, அது யன்னலாலை வந்ததில்லை, அறையிலை எல்லாருக்கும் இருந்த கிருமியாம். அதை ஒரு தமிழ்ப் பொடியன்தான் மொழிபெயர்த்தவன். இவர் காதிலை ஏறேல்லை. இண்டைக்கும் ராவிலை நாலுதரம் எழும்பி யன்னல் பாப்பார். பதினொரு வரியமா அந்த மனுசன் ஒழுங்கா நித்திரை கொண்டது கிடையாது."

நான் தோசையை வைத்துவிட்டேன்.

ஆனிமாதம் எனக்கு மியூனிக்கில் மூன்று மாதத் தொழிற்பயிற்சி கிடைத்தது. உள்வேலை மிச்சம் இருந்தது. "நீ போட்டு வா, நான் முடிக்கிறன்" என்றார். வேலை முடிந்ததும் படம் எடுத்து அனுப்பினார். புது நிலவிரிப்பு, புதுத் திரை, கண்ணாடிபோல அலுமாரி. பெருமை தாங்காமல் அன்றே இணைய மன்றத்தில் ஏற்றினேன். பாராட்டுகள் குவிந்தன. ஒன்பதாவதாக, பெயர் தெரியாத ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்:

'நிலத்து ஓட்டைகள் எங்கே?'

அதற்குக் கீழே அவரே மீண்டும்: 'அதற்குள் அடுப்பு எரிக்கப் போகிறீர்களா?'

கதிரையில் இருந்தபடியே எனக்குக் கால் குளிர்ந்தது. காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் நிலத்தில் தேங்கும். அது வெளியேற அந்த ஓட்டைதான் வழி. அடுப்போ ஹீற்றரோ எரிந்தால் புதுக்காற்று வருவதும் அதால்தான். இது எனக்குத் தெரியாததல்ல. எட்டு வருடத்துக்கு முன்பே ஒரு கறுப்பு உடுப்புக்காரர் எனக்குச் சொல்லித்தந்தது.

உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, அந்த மூண்டு ஓட்டையும் என்ன செய்தனீங்கள்?"

"அடைச்சிட்டன். அடியிலை அலுமினியம், மேலை பலகை, சுத்திவர சிலிக்கோன். வடிவாச் செய்திருக்கிறன், பயப்பிடாதை."

"அதைத் திறக்கவேணும் அண்ணை. உடனை. அடைக்கக் கூடாது."

"ஓம். நீ சொன்னாச் சரி. திறக்கிறன்."

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "ஓம் ஓம், திறந்திட்டன்." திருவிழா தொடங்கி மூன்றாம் நாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "திறந்தாச்சோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை." குரல் களைத்திருந்தது. "எனக்கு மூண்டு நாளாத் தலையிடி. மழை, குளிர் எண்டு ஹீற்றரை நிப்பாட்டுறார் இல்லை."

மியூனிக்கிலிருந்து ஊன்ட்றொப்புக்கு ரயிலில் ஏழு மணித்தியாலம். ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை. மதியம் போய் இறங்கினேன். மழை. கால்வாய்க்கரைப் புல்வெளியில் வரிசையாகக் கார்கள், கூடாரங்கள், அவற்றின் நடுவே பாலாடையும் இளநீலமுமாக அந்த வண்டி. எல்லா யன்னலும் சாத்தி, கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். முகம் ஊறிப் பளபளத்தது. "வா பிள்ளை, வா! கெதியா ஏறு!" கதவு எனக்குப் பின்னால் 'பொத்' என்று ஒரு சத்தத்தோடு மூடியது, குளிர்சாதனப் பெட்டிக் கதவு மூடும் சத்தம். அக்கா தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சரிந்திருந்தார். அடுப்பில் சோறு கொதித்தது. ஹீற்றரும் எரிந்தது.

"எட்டு மணித்தியாலம்!" என்றார் அவர். "நேற்று எட்டு மணித்தியாலம் அசையாமல் கிடந்தனான். கேளன் அவவை. முந்தநாள் ஏழரை. கனவும் இல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதுதான் எனக்கு வாசிக்கத் தெரிகிறது. இத்தனை நாளும் அவர் ஏன் ஒரு திருப்புளியை எடுத்து ஒரு ஓட்டையையாவது தானே திறக்கவில்லை என்பதற்கான விடை அதில் இருந்தது.

நான் அடுப்பை அணைத்தேன், ஹீற்றரை அணைத்தேன், நாலு யன்னலையும் தள்ளித் திறந்தேன். அவர் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் அந்தத் தகடு இருந்தது. ஊத்தை எல்லாம் போக்கி, பித்தளைபோல மினுக்கி, நாலு புது ஆணி போட்டு அடித்திருந்தார்.

"அண்ணை, இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு அண்டைக்கு முழுக்கச் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். 'காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. மூச்சடைத்து இறக்க நேரிடும்.'"

"இறக்க..."

"செத்துப்போவியள் அண்ணை. முதல்லை தலையிடிக்கும். பிறகு நல்லா நித்திரை வரும்." பிறகு நிறுத்த முடியவில்லை. எங்கள் குளியலறைக் கதவு, கறுப்பு உடுப்புக்காரர், கத்தி, அவர் சொன்ன ஒவ்வொரு வசனமும், விசரன் என்ற சொல்லும் உட்பட, ஒன்றும் எடுக்காமல், எட்டு வருடம் பிந்தி, எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.

அவர் கட்டில் ஓரத்தில் இருந்தார். வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"அப்ப எத்தினை வீட்டிலை அடைச்சிருக்கிறன்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீ ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்லை?"

நான் குனிந்து நிலவிரிப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தேன்.

அவரே கத்தியை எடுத்தார். நிலவிரிப்பை வெட்டினார், பலகையைக் கிளப்பினார், அலுமினியத்தை உருவினார். ஒன்று, இரண்டு, மூன்று. புல் மணத்தோடு ஈரக்காற்று மேலே வந்தது. அக்கா கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் குந்தி, முகத்தை ஓர் ஓட்டைக்கு மேலே வைத்து மூச்சு இழுத்தார். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பி மஃப்ளரைக் கட்டிக்கொண்டார். அடுத்த கிழமையே எசனில் வீடு வீடாகப் போய்த் தான் அடைத்த ஒவ்வொரு சல்லடையையும் தேடித்தேடித் திறந்தார் என்று அப்பா சொன்னார். ஒரு வீட்டிலும் தேநீர் குடிக்கவில்லையாம்.

நான் படித்து முடித்து மியூனிக்கிலேயே வேலைக்குப் போய்விட்டேன். அவரைப் பிறகு நேரில் காணவில்லை. வண்டியைக் கால்வாயோரம் வோன்வாகன்கள் நிற்கிற விடுமுறை முகாமில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். வெள்ளி மாலை போய்த் திங்கள் காலைதான் வருவார்கள், குளிர்காலத்திலும். "வண்டியைக் குடுத்துவிடுங்கோ அக்கா, திருத்தினதே என்ர பிழை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "வீட்டிலை அவர் கண்மூடுறார் இல்லைப் பிள்ளை, இதுக்குள்ளைதான் கொஞ்சமெண்டாலும்" என்பார். மின்சார ஹீற்றர் வாங்கச் சொன்னேன். முகாம் மின்கம்பி தாங்காதாம். ஒருமுறை போட்டு முழு வரிசைக்கும் வெளிச்சம் போய் ஏச்சு வாங்கினார்களாம். காஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்று தபாலில் அனுப்பினேன். கடுகு தாளிக்கும்போதெல்லாம் அது அலறியதால் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தொலைபேசி எடுத்தார். இது அவர்களுக்கு அங்கே மூன்றாவது குளிர்.

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். உனக்குத்தான் தெரியும்."

"சொல்லுங்கோ."

"அவர் இப்ப கட்டிலிலை படுக்கிறேல்லை. நிலத்திலை படுக்கிறார். ராவிலை பாத்தா உள்ளங்கையை அந்த ஓட்டைக்கு மேலை வைச்சுப் பொத்திக்கொண்டு நித்திரை. மற்றக் கை மற்ற ஓட்டைக்கு மேலை. சிலிக்கோன் ஒண்டும் அடிக்கேல்லை, சத்தியமா. கைதான்."

நான் எழும்பி நின்றேன்.

"மூண்டிலை ரெண்டைப் பொத்தினா என்ன செய்யும் பிள்ளை? ஒண்டு திறந்துதானே கிடக்கு?"

"ஒண்டும் பொத்தக் கூடாதக்கா. கையை எடுத்து விடுங்கோ. ஒவ்வொரு தரமும் எடுத்து விடுங்கோ."

"எடுத்தா முழிச்சிடுறார்." பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. "எடுக்காட்டி விடிய விடிய நல்ல நித்திரை. அதுதான் முந்தி நான் முழிச்சிருந்து பாப்பன். இப்ப இந்தக் குளிருக்கு எனக்கும் கண் சொக்குது."